இடையம்

படிவத்தின் தலையில் குறியீடு 303:
விமானமும் அதன் உதிரிப் பாகங்களும் செய்தல்.
அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையில்
புதிதாய் ஒரு தகரக் கூரை. அதன் கீழ்
இருபத்தாறு பேர், இறக்கைக்குள் ஓடும் வயரைப்
பின்னி, இலக்கம் ஒட்டி, பெட்டியில் அடைக்கிறார்கள்.
இறக்கையை ஒருவரும் கண்டதில்லை.

அவர்களுக்கு என்ன கொடுப்பது நியாயம் என்று
சபைக்கு நான் சொல்லவேண்டும்.
ஒப்பிட மூன்று நிறுவனமாவது வேண்டும் என்பது விதி.
மன்னார் வரை தேடினாலும்
விமானப் பெயர் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.
‘கிட்டத்தட்ட ஒத்த வேலை’ என்று
அடிக்குறிப்பு ஒன்று வழி விடுகிறது.
அந்தக் கிட்டத்தட்டவில் ஏறித்தான்
மூன்று கிழமையாய் என் ஸ்கூட்டி ஓடுகிறது.

குருநகரில் பைபர் படகு.
றெஜினோல்ட் மண்ணெண்ணெயில் கை கழுவியபடி சொன்னார்:
“படகுக்கு இவ்வளவு எண்டுதான் கதை, பிள்ளை.
மணித்தியாலக் கணக்கெல்லாம் கந்தோர் ஆக்களுக்கு.”
படகை நாளால் வகுத்தேன், நாளை மணியால்.
மழை இருட்டில் ரெசின் இறுகாமல்
சும்மா குந்தியிருந்த நாட்களை எதால் வகுப்பது?
பக்கத்தில், முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு
நார்ப்பாய் வெட்டும் புஷ்பமலரிடம் திரும்பினேன்.
“அவ என்ர மனுசி” என்றார் அவர்,
சம்பளக் கூட்டுக்குள் அதையே எழுதச் சொல்வதுபோல.
அவ கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிறார்கள்.
அலுமினியத் தகடு, தறையாணி, துளை:
ஒத்துத்தான் போகிறது.
முதலாளி முன் நின்று கீர்த்திகன் சொன்ன நாட்சம்பளம்
தேத்தண்ணிக் கடைக்கு வந்ததும் அறுநூறு குறைந்தது.
நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வாங்கின முற்பணம் வேறு
இன்னும் கழியுதாம்.
“எதை எழுதப் போறியள்?”
இரண்டையும் எழுதினேன். கூடு ஒன்றுதான்;
இரண்டாவது எண் விளிம்பில் ஏறி நிற்கிறது.

கேள்வி பதினொன்று:
விமானத்தோடு தொடர்பான அனுபவம், ஆண்டுகளில்.
ஸ்ரான்லி வீதி லேத் பட்டறையில்
தர்மகுலசிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“எட்டு வயசிலை தொடங்கினது.
இரைச்சலை வைச்சே என்ன பிளேன், எவ்வளவு உயரம்,
போடுமோ போடாதோ எண்டு சொல்லுவன்.
அதுக்கு எவ்வளவு தருவினம்?”
சிரித்தோம்.
பூச்சியம் என்று எழுதி,
வெட்டி,
பொருந்தாது என்று எழுதினேன்.

இரவு. எண்களை ஏறுவரிசையில் அடுக்குகிறேன்.
நாற்பத்தொரு பேர். இருபத்தொராவது எண் இடையம்.
கீழே இருபது பேர், மேலே இருபது பேர்.
கடைசி ஆளின் கூலி பாதியாய்ப் போனாலும்
இடையம் அசையாது;
அது இடையத்தின் நல்ல குணம் என்று
உயர்தரப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.

இருபத்தொராவது ஆர் என்று
திருப்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
கீர்த்திகன்.
முதலாளி முன் சொன்ன எண்.

விளிம்பில் நிற்பதை எடுத்தால்
அவன் ஏழெட்டுப் படி சறுக்குவான்.
இருபதாவது ஆள் நடுவுக்கு வருவார்.
அச்சுவேலியில் இருபத்தாறு பேருக்கும்
நாளுக்கு நூற்றிருபது ரூபா குறையும்.
புஷ்பமலரை ஒரு வரியாய்ச் சேர்த்தால்,
கூலி பூச்சியம் என்று,
இன்னும் இறங்கும்.
மெய்யைச் சொல்லச் சொல்ல
நியாயம் மலிந்துகொண்டு போகிறது.

பொய்யை அப்படியே விட்டால்?
ஒருத்தரும் கேட்கப் போவதில்லை.
அந்த முதலாளி மட்டும்
கொடுக்காத காசில் தருமவான் ஆவார்.

ஒன்பது மணிக்கு அறிக்கை போகவேண்டும்.
படிவத்தை விளக்குக்குக் கிட்டப் பிடிக்கிறேன்.
முதல் எண் பேனையில் இருக்கிறது.
விளிம்பில் நிற்பது பென்சிலில்.

அந்தக் கடையில்,
தேத்தண்ணி ஆறுவதற்குள்,
எப்போது நான் பென்சிலை எடுத்தேன்?